எட்டு இன்னும் முடியவில்லை, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

ரத்தம் உறையத் தேவையான, ஹீமோஃபீலியாக்காரர்களுக்குக் குறைகிற அந்த எட்டாம் காரணிப் புரதத்தைப் பற்றிப் போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது இன்னும் மண்டைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது. "ஃபேக்டர் எட்டை இனிமே யாருப்பா கேக்கப்போறாங்க, மாசத்துக்கு ஒரு ஊசி தோலுக்கடியில போட்டுக்கிட்டா ரத்தக்கசிவே இல்ல, நான் என்னடான்னா இங்க உக்காந்து அது ஏன் செல்லுக்குள்ள ஒழுங்கா மடங்க மாட்டேங்குதுன்னு பாத்துட்டிருக்கேன்" என்றாய். அம்மா பக்கத்திலேயே இருந்ததால் நான் உம் கொட்டிவிட்டு வைத்துவிட்டேன். வாயைத் திறந்திருந்தால் உனக்கு வேலையே போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு அன்றைக்கே மஞ்சள் துணியில் காசு முடிந்திருப்பாள். வாட்ஸ்அப்பில் இவ்வளவு நீளம் எழுதினால் நீ பாதி படித்துவிட்டு ஒரு கட்டைவிரலைப் போட்டுவிடுவாய், அதனால் மெயில்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கம்பெனிக்குப் போகவேண்டும் என்று தோன்றினால் தாராளமாகப் போ. போஸ்ட்டாக் சம்பளத்தில் மிச்சிகன் ஆன் ஆர்பர் வாடகையைக் கொடுத்துவிட்டு மிச்சத்தில் நீ என்ன சாப்பிடுகிறாய் என்று அம்மா கேட்கும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றிக்கொண்டிருக்கிறேன். போவதில் தப்பே இல்லை. ஆனால் எட்டு முடிந்துபோன கதை என்று காரணம் சொல்லிக்கொண்டு போகாதே. அந்தக் காரணம் நிற்காது. ஏன் நிற்காது என்றுதான் எழுதப்போகிறேன், பொறுமையாகப் படி.

நான் டாக்டர் இல்லை, விஞ்ஞானியும் இல்லை, ரிட்டயர் ஆகும்வரை ரத்தம் உறைதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த டெக்னீஷியன். எட்டாம் காரணியை நான் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. அது இருக்கிற அளவு அப்படி, ஒரு மில்லி பிளாஸ்மாவில் 100 முதல் 200 நானோகிராம், அதே ஒரு மில்லியில் உறைவுக்கு இழையாக மாறுகிற ஃபைப்ரினோஜன் 2 முதல் 4 மில்லிகிராம் வரை இருக்கும், பத்தாயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். அந்தத் துளியூண்டு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் நான் தினமும் பார்த்தேன்.

இப்போது மெஷினில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள், அப்போது எல்லாம் கை வேலை. நீல மூடி ட்யூபில் ரத்தம் உறையாமல் தடுக்கும் 3.2 சதவீத சிட்ரேட், ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு. கோடு வரைக்கும் ரத்தம் வராத ட்யூபை நான் திருப்பி அனுப்பிவிடுவேன், அதனால் வார்டு சிஸ்டர்கள் என்னைத் திட்டாத நாள் கிடையாது. பிளாஸ்மாவைப் பிரித்தெடுத்து, கண்ணாடி ட்யூபில் 0.1 மில்லி விட்டு, ஏபிடிடி என்கிற உறையும் நேரச் சோதனைக்கான ரீஏஜென்டை அதே அளவு ஊற்றி, 37 டிகிரி வாட்டர்பாத்தில் வைத்திருந்து, அப்புறம் கால்சியம் குளோரைடை விட்ட அதே கணத்தில் ஸ்டாப்வாட்சை அமுக்கிவிட்டு, ட்யூபை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து மெதுவாகச் சாய்ப்பதும் நிமிர்த்துவதுமாகப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். சாதாரண ஆளுடையது என்றால் முப்பது வினாடி, அங்கே இங்கே. தெளிவாக ஓடிக்கொண்டிருந்த பிளாஸ்மாவுக்குள் சட்டென்று ஒரு வெள்ளை இழை தெரியும், அடுத்த சாய்ப்பில் மொத்தமும் அப்படியே நின்றுவிடும். ஹீமோஃபீலியா பையனுடைய பிளாஸ்மா என்றால் அறுபதைத் தாண்டும், எண்பதைத் தாண்டும், மணிக்கட்டு வலிக்கும், அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். வெளியில் பெஞ்சில் அவன் முட்டி வீங்கிப்போய் அம்மா மடியில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பான்.

அப்புறம் மிக்ஸிங். பாதி நோயாளி பிளாஸ்மா, பாதி நல்ல பிளாஸ்மா, நேரம் சரியாகிவிட்டால் ஏதோ ஒரு காரணி குறைவு என்று அர்த்தம். இது எங்கள் பெஞ்சின் பழைய சோற்று வேலை, ஆனால் இதில்தான் எட்டும் ஒன்பதும் பிரிந்தன. 1944இல் பியூனஸ் அயர்ஸில் பாவ்லோவ்ஸ்கி இரண்டு ஹீமோஃபீலியா நோயாளிகளின் ரத்தத்தைக் கலந்தபோது ஒன்று மற்றொன்றைச் சரிசெய்தது, இருவருக்கும் ஒரே நோய் என்றால் அப்படி ஆகக்கூடாது. 1952இல் ஸ்டீபன் கிறிஸ்மஸ் என்ற சின்னப் பையனின் ரத்தத்தை வைத்து ஒன்பதாம் காரணிக் குறைபாட்டைத் தனி நோயாகப் பிரித்தார்கள், அவன் பெயராலேயே அது கிறிஸ்மஸ் நோய் ஆனது. அந்தப் பையன் பெரியவனாகி, ஏற்றிக்கொண்ட ரத்தத்தின் வழியே எச்ஐவி வந்து, 1993இல் இறந்துபோனார். எட்டும் ஒன்பதும் என்று நான் சொன்னதை மனதில் வைத்துக்கொள், கீழே வேண்டியிருக்கும்.

இப்போது நீ சொல்லுவாய், அப்பா, இதெல்லாம் குறைவு என்ற கதைதானே, மடிப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று. சம்பந்தம் எனக்கும் ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஒரு அண்ணன் தங்கை வந்தார்கள். பல் பிடுங்கிய இடத்தில் அந்தப் பெண்ணுக்கு ரத்தம் நிற்கவில்லை, அண்ணனுக்கும் சின்ன வயதிலிருந்தே அதே தொல்லை. அப்பா அம்மா சொந்த அத்தை மகன், மாமன் மகள். பெண்ணுக்கு ஹீமோஃபீலியா வருவது அபூர்வம் என்பதால் முதலில் வேறு என்னென்னமோ யோசித்தோம். ஏபிடிடி மட்டும் இல்லாமல் பிடி என்கிற இன்னொரு உறையும் நேரச் சோதனையும் நீண்டிருந்தது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் ஐந்தாம் காரணியும் பத்துப் பதினைந்து சதவீதம், எட்டும் பத்துப் பதினைந்து சதவீதம், மற்றதெல்லாம் சுத்தமாக நார்மல். ஐந்தின் ஜீன் ஒன்றாம் குரோமோசோமில், எட்டின் ஜீன் எக்ஸ் குரோமோசோமில், ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கும் இரண்டும் சேர்ந்து எப்படிக் குறையும்? ரிப்போர்ட்டில் கூட்டுக் குறைபாடு என்று எழுதி அனுப்பினோம். பேர் வைத்தாகிவிட்டது, ஏன் என்பதற்குப் பதில் எங்கள் பெஞ்சில் இல்லை.

பதில் உன் ஊரில்தான் கிடைத்திருக்கிறது. மிச்சிகனில் கின்ஸ்பர்க் குழு 1998இல் எல்மேன்1 என்ற ஜீனைக் கண்டுபிடித்தது, 2003இல் எம்சிஎஃப்டி2. ஒன்று பதினெட்டாம் குரோமோசோம், இன்னொன்று இரண்டாம் குரோமோசோம். இரண்டுக்கும் ரத்தம் உறைவதில் நேரடி வேலை எதுவும் இல்லை. புரதத்தை மடிக்கும் அறையான எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்தில் தயாரான ஐந்தையும் எட்டையும் பிடித்து, வெளியே அனுப்பும் அறையான கோல்ஜிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அவற்றின் வேலை. ஆக, அந்தப் பிள்ளைகளுக்கு ஐந்தின் ஜீனும் எட்டின் ஜீனும் பத்தரைமாற்றுத் தங்கம், புரதமும் செல்லுக்குள் தயாராகிறது, வெளியே வரத்தான் வழியில்லை. இதை நீ பிஎச்டி இரண்டாம் வருடத்தில் எனக்கு ஒரு பேப்பர் அனுப்பியபோதுதான் படித்தேன், பிரிண்ட் எடுக்கப்போன கடையில் பையன் "என்ன சார், இந்த வயசுல பரீட்சையா" என்று கேட்டான். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நான் வாழ்க்கை முழுக்க எட்டு ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் அளந்துகொண்டிருந்தேன், அது ரத்தத்துக்கு வந்துசேரவே படாதபாடு படுகிற ஒரு புரதம் என்பது என் பெஞ்சில் தெரியாத விஷயம்.

எட்டு சாதாரணப் புரதம் இல்லை என்று நீதான் சொன்னாய். 2,332 அமினோ அமிலம், நடுவில் பி டொமைன் என்று ஒரு பெரிய துண்டு, அதை வெட்டி எடுத்துவிட்டாலும் உறைய வைக்கும் வேலை நடக்கிறது, அப்படியிருந்தும் இயற்கை அதைச் சுமந்துகொண்டே வந்திருக்கிறது. 1984 நவம்பரில் ஜெனென்டெக்கும் ஜெனெடிக்ஸ் இன்ஸ்டிட்யூட்டும் ஒரே சமயத்தில் நேச்சரில் ஜீனை வெளியிட்டபோது கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். ஜீன் கைக்கு வந்துவிட்டது, வெள்ளெலியின் சினைப்பைச் செல்லில் போட்டு அண்டா அண்டாவாகத் தயாரித்துக்கொள்ள வேண்டியதுதானே? நடக்கவில்லை. அதே அளவுள்ள மற்றப் புரதங்களோடு ஒப்பிட்டால் நூறில் ஒரு பங்கு, ஆயிரத்தில் ஒரு பங்குதான் வெளியே வந்தது. மருந்தாக அனுமதி கிடைக்க 1992 ஆகிவிட்டது. நடுவில் இங்கே நாங்கள் ரத்த வங்கியிலிருந்து பிளாஸ்மாவிலிருந்து எடுக்கும் கிரையோ வாங்கி ஏற்றிக்கொண்டிருந்தோம், ஒரு பையில் எண்பது யூனிட் இருந்தால் அதிர்ஷ்டம், கூடவே யாருடைய எந்தக் கிருமி வருகிறது என்பது சாமிக்குத்தான் வெளிச்சம்.

அந்த ஜெனெடிக்ஸ் இன்ஸ்டிட்யூட் குழுவில் இருந்த ராண்டல் காஃப்மன்தான் அப்புறம் உன் மிச்சிகனுக்கு வந்து, இது ஏன் வெளியே வரமாட்டேன் என்கிறது என்ற கேள்வியையே தன் வேலையாக வைத்துக்கொண்டார் என்று நீ சொல்லித்தான் தெரியும். எட்டு போய் பிப் என்ற காவல் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது, அதிலிருந்து பிரிய மற்றப் புரதங்களைவிட அதிகமாக ஏடிபி என்கிற செல் எரிசக்தியைக் கேட்கிறது. 309ஆம் இடத்தில் ஒரே ஒரு ஃபினைல்அலனினை செரினாக மாற்றினால் பிப்போடு ஒட்டுவது குறைந்து வெளியே வருவது கூடுகிறது, 1997இல் போட்ட பேப்பர். மருந்து தயாரிக்கும் தொழில் தகராறாக ஆரம்பித்த ஒன்று செல்லுக்கு மூச்சுமுட்டினால் என்ன செய்யும் என்ற கேள்வியில் போய் நின்றுவிட்டது. இந்தத் திருப்பம்தான் எனக்கு உன் வேலையில் ரொம்பப் பிடித்தது.

மடங்காத புரதம் செல்லுக்குள் தேங்குவதைச் செல் நெருக்கடி என்று நீங்கள் எழுதுகிறீர்களே, அதை நான் கல்யாண மண்டபச் சமையல்கட்டாக வைத்துத்தான் புரிந்துகொண்டிருக்கிறேன், சிரிக்காதே. பந்திக்கு மேல் பந்தி உட்கார்ந்துவிட்டது, உள்ளே கட்டுக்கடங்கவில்லை. பெர்க் என்கிற ஆள் (இங்கே ஆள் என்பதெல்லாம் செல்லின் புரதங்கள்தான்) முதலில் கத்துகிறான், "புதுசா எதையும் அடுப்புல ஏத்தாதே". அவன்தான் புரத உற்பத்தியைத் தொடங்கிவைக்கும் இஐஎஃப்2 ஆல்ஃபாவில் பாஸ்பேட்டை மாட்டிப் புதுப் புரத உற்பத்தியையே குறைத்துவிடுகிறவன். ஏடிஎஃப்6 கோல்ஜிக்குப் போய் வெட்டுப்பட்டுத் திரும்பி, இன்னும் நாலு கை ஆட்களைக் கூப்பிடுகிறான். ஐஆர்இ1 இருக்கிறானே, அவன்தான் பழைய பெரியவர், ஈஸ்ட் காலத்திலிருந்தே இருக்கிறவர், எக்ஸ்பிபி1 என்ற ஜீனின் ஆர்என்ஏவில் சரியாக 26 எழுத்தை நறுக்கி எடுத்துவிட்டு ஒட்டி, கெட்டுப்போனதை வெளியே கொட்டவும் ஆள் ஏற்பாடு செய்கிறார். இவ்வளவும் செய்து கூட்டம் குறையவில்லை என்றால் சாப் என்று ஒருவன் வந்து கேஸையே அணைத்துவிடுவான், அந்தச் செல் அத்தோடு சரி. ஈஸ்டில் ஐஆர்இ1ஐக் கண்டுபிடித்த கியோட்டோ மோரிக்கும் சான் பிரான்சிஸ்கோ வால்டருக்கும் 2014இல் லாஸ்கர் விருது கொடுத்தார்கள், அதுகூட நீ சொல்லித்தான் தெரியும்.

சரி, இப்போது உன் ஊசிக்கு வருகிறேன். எமிசிசுமாப். நல்ல மருந்து, நான் மறுக்கவே இல்லை. ஒரு கையால் ஒன்பதையும் இன்னொரு கையால் பத்தையும் பிடித்துப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கிற ஆன்டிபாடி, எட்டு செய்கிற வேலையை எட்டு இல்லாமலே செய்கிறது. 2017இல் அமெரிக்காவில் அனுமதி வாங்கியது. எட்டுக்கு எதிராகவே உடம்பு ஆன்டிபாடி உண்டாக்கிக்கொண்ட நோயாளிகள், எந்த ஊசி போட்டும் நிற்காமல் நாங்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்ற அந்தப் பிள்ளைகளுக்கு அது பெரிய வரம். ஆனால் அது தடுப்பு மருந்து. பெரிய ஆபரேஷன் வந்தாலோ, மண்டையில் அடிபட்டாலோ, மறுபடி எட்டைத்தான் தேடி ஓடவேண்டும். அதோடு டெக்னீஷியன் என்கிற முறையில் எனக்கு அதன்மேல் ஒரு தனிக் கடுப்பு உண்டு. அது உடம்பில் இருந்தால் ஏபிடிடி ஒழுங்காகவே வராது, அநியாயத்துக்குச் சுருங்கிக் காட்டும், ஆள் நார்மல் என்று ரிப்போர்ட் போய்விடும். உண்மையில் எட்டு எவ்வளவு இருக்கிறது என்று தெரியவேண்டும் என்றால் மாட்டுக் காரணி போட்ட, நிறமாற்றத்தை வைத்து அளக்கும் குரோமோஜெனிக் கிட் வேண்டும், அந்த ஆன்டிபாடி மனித ஒன்பதையும் பத்தையும்தான் பிடிக்கும், மாட்டினுடையதைத் தொடாது. கடைசி ஊசி போட்டு மாதக்கணக்கில் ஆனாலும் உடம்பில் கிடக்கும். நான் பயிற்சி கொடுத்த பையன் இப்போது அதே பெஞ்சில் இருக்கிறான், நோயாளி எமிசிசுமாபில் இருக்கிறார் என்று படிவத்தில் யாரும் எழுதி அனுப்புவதே இல்லை என்று புலம்புகிறான். கோடு வரை நிரப்பாத ட்யூப் காலமே தேவலை.

அடுத்தது ஜீன் சிகிச்சை. இங்கேதான் எட்டும் ஒன்பதும் மறுபடி வருகிறது. ஒன்பதாம் காரணி ஜீனை ஏஏவி வைரஸில் ஏற்றிக் கல்லீரலுக்கு அனுப்பினார்கள், லண்டன் குழு பத்துப் பேருக்குச் செய்தது, பதிமூன்று வருடம் ஆன பிறகும் அளவு கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது என்று 2025இல் எழுதினார்கள். எட்டாம் காரணிக்கும் அதையே செய்தார்கள், ரோக்டேவியன் என்ற மருந்து, 2022இல் ஐரோப்பாவிலும் 2023இல் அமெரிக்காவிலும் அனுமதி, அமெரிக்காவில் அப்போது வைத்த விலை 29 லட்சம் டாலர், நம் கணக்கில் இருபது கோடி ரூபாய்க்கும் மேல், எழுதும்போதே கை கூசுகிறது. முதல் வருடம் அளவு அழகாக ஏறியது, அப்புறம் வருடா வருடம் இறங்கிக்கொண்டே வந்தது. அதே கல்லீரல், அதே மாதிரி வைரஸ். ஒன்பது நிற்கிறது, எட்டு இறங்குகிறது. ஏன்?

இதற்கு முழுப் பதில் இன்னும் யாரிடமும் இல்லை என்று நீயே சொல்லியிருக்கிறாய். ஆனால் ஒரு விஷயம் கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது. ஒன்பது சின்னப் புரதம், 415 அமினோ அமிலம், கல்லீரலின் முக்கியச் செல்லான ஹெபடோசைட் அதை எப்போதும் செய்துவருவதுதான். எட்டை அந்தச் செல் செய்வதில்லை. கல்லீரலின் ரத்தக் குழாய்ச் சுவரில் இருக்கிற எண்டோதீலியல் செல்தான் செய்கிறது, அது 2014இல்தான் எலிகளில் சந்தேகமில்லாமல் நிரூபணம் ஆனது. ஆக ஏஏவி போய் இறங்குகிற செல், பழக்கமே இல்லாத, மடிக்கவே அடம்பிடிக்கிற ஒரு பெரிய புரதத்தை ராத்திரி பகலாக மடிக்கவேண்டியிருக்கிறது. எலிகளில் அந்த மடங்காத எட்டு ஹெபடோசைட்டில் தேங்கினால், கூடவே கொழுப்புத் தீனியும் சேர்ந்தால், கல்லீரலில் கட்டி வருகிறது என்று காஃப்மன் குழு 2022இல் காட்டியது. அது எலி, மனிதர்களுக்கு அப்படியே வரும் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். ஆனால் இந்த இறக்கத்தில் செல் நெருக்கடிக்குப் பங்கு உண்டா இல்லையா என்பதை யாராவது உட்கார்ந்து பார்த்துத்தானே ஆகவேண்டும், அதை மாதம் ஒரு ஊசி பார்க்காது.

இதோடு விட்டிருந்தாலும் நீ சமாதானம் ஆகமாட்டாய் என்று தெரியும், அதனால்தான் வேலூரைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன்.

2024 டிசம்பரில் சிஎம்சி வேலூர் ஆலோக் ஸ்ரீவஸ்தவா குழு நியூ இங்கிலாந்து ஜர்னலில் போட்ட பேப்பர் வந்த அன்றைக்கு நீயே எனக்கு லிங்க் அனுப்பினாய். கடுமையான ஹீமோஃபீலியா ஏ உள்ள ஐந்து பேர், அவர்களுடைய ரத்த ஸ்டெம் செல்லையே எடுத்து, லென்டிவைரஸில் எட்டாம் காரணி ஜீனை ஏற்றித் திரும்ப ஏற்றினார்கள், அதற்குப் பிறகு பேப்பர் எழுதும்வரை ஐந்து பேருக்கும் ரத்தக்கசிவு வரவில்லை. கீமோ கொடுத்து எலும்பு மஜ்ஜையைக் காலிசெய்துவிட்டுத்தான் இதைச் செய்யமுடியும், சின்ன விஷயம் இல்லை, ஐந்து பேர் என்பதும் சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும் நம்ம வேலூர் என்று தெருவில் நாலு பேரிடம் சொன்னேன், உன் பெரியப்பா உடனே "அப்ப சுகருக்கும் அங்கயே வச்சிருக்காங்களா" என்று கேட்டார்.

நான் படித்த செய்தியில் வேலூர் இருந்தது, அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகம் இருந்தது, பன்றியைப் பற்றி ஒரு வரி இல்லை. அவர்கள் ஏற்றிய ஜீன் முழு மனித எட்டு கிடையாது, இடி3 என்ற கலப்பு, சில பகுதிகள் பன்றியின் எட்டாம் காரணியிலிருந்து எடுத்தவை. ஏன் பன்றி? எமோரியில் லொல்லார், டோரிங் என்பவர்கள் பன்றியின் எட்டு மனித எட்டைவிடப் பல மடங்கு அதிகமாகச் செல்லைவிட்டு வெளியே வருகிறது என்று பார்த்தார்கள். எதனால் என்று டோரிங் குழு நோண்டிப் பார்த்து 2011இல் எழுதியது: பன்றியின் எட்டு செல்லின் நெருக்கடி எச்சரிக்கையை அவ்வளவாகக் கிளப்புவதில்லை. அதாவது நீ செய்கிற அதே வேலை. பிப், எக்ஸ்பிபி1, அதே ஜெல், அதே பட்டைகள். அந்தக் கேள்வியை 2011இல் ஒருத்தர் "இனிமே யார் கேக்கப்போறாங்க" என்று விட்டுவிட்டுப் போயிருந்தால் வேலூரில் அந்த ஐந்து பேருக்கு ஏற்ற எந்த ஜீன் இருந்திருக்கும்? மனித எட்டையே ஏற்றியிருந்தால் இதே அளவு வந்திருக்குமா என்று நீயே சொல்.

எட்டை விட்டுவிட்டாலும் இந்த நெருக்கடி உன்னை விடாது, அதையும் சொல்லவேண்டும். பெர்க் ஜீன் பழுதானால் கைக்குழந்தைக்கே சர்க்கரை நோய் வருகிறது, இன்சுலினை அள்ளிச் செய்கிற பீட்டா செல் தாக்குப்பிடிக்க முடியாமல் செத்துப்போவதால். ஆன்டிபாடியை ஓயாமல் கக்குகிற மைலோமா என்ற புற்றுநோய்ச் செல்லைக் கொல்ல போர்டெசோமிப் மருந்து கொடுக்கிறார்களே, கெட்ட புரதம் வெளியேறும் வாசலை அடைத்துவிடுவதுதான் அதன் வேலை, அங்கேயும் கடைசியில் செல் மூச்சுமுட்டித்தான் சாகிறது. அதனால் கம்பெனியில் உன்னைக் கேள்வி கேட்கிறவர்கள் எட்டைப் பற்றி என்ன சாதித்தாய் என்று கேட்டால் வெட்கப்பட எதுவும் இல்லை. மடங்காத புரதத்தோடு மல்லுக்கட்டப் பழகியிருக்கிறேன் என்று சொல். மருந்து தயாரிக்கிற எந்தக் கம்பெனிக்கும் அந்தத் தலைவலி இருக்கும்.

உன் கைடோடு ஏதோ மனஸ்தாபம் என்று நீ சொல்லாவிட்டாலும் குரலில் தெரிகிறது. அதைப் பற்றி நான் கேட்கப்போவதில்லை. அதுதான் காரணம் என்றால் அதையே காரணமாக வைத்துக்கொண்டு கிளம்பு, பாவம் எட்டின் தலையில் ஏன் பழியைப் போடுகிறாய்.

கடைசியாக எனக்கு ஒரு சந்தேகம், இதற்கு நீதான் பதில் சொல்லவேண்டும். வேலூர் ஜீனில் எந்தச் செல்லில் ஜீன் வேலை செய்யவேண்டும் என்று சொல்லும் சுவிட்சாக சிடி68 புரோமோட்டரை வைத்திருக்கிறார்கள் இல்லையா, அதனால் எட்டு மோனோசைட், மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளணு வகைச் செல்களில் உண்டாகிறது. அதுவும் எட்டைச் செய்து பழகாத செல்தானே. ஆனால் ஹெபடோசைட் மாதிரி வருடக்கணக்கில் ஒரே செல் உழைக்கவேண்டியதில்லை, மோனோசைட் நாள்கணக்கில் செத்துப்போகும், ஸ்டெம் செல்லிலிருந்து புதிதுபுதிதாக வந்துகொண்டே இருக்கும். அப்படி இருந்தால் நெருக்கடியே சேராமல் தப்பிக்குமா? இல்லை, திசுவில் போய் உட்கார்ந்துகொண்டு நீண்டநாள் வாழ்கிற மேக்ரோஃபேஜில் மட்டும் சேருமா? ரத்தத்தில் எடுத்த மோனோசைட்டில் எக்ஸ்பிபி1 வெட்டுப்பட்டதை அளந்தால் தெரியுமா, அல்லது மஜ்ஜையைத்தான் எடுக்கவேண்டுமா? யாராவது செய்திருக்கிறார்களா? செய்யவில்லை என்றால் நீ ஏன் வேலூருக்கு ஒரு மெயில் போடக்கூடாது, அவர்களிடம் செல் இருக்கிறது, உன்னிடம் அளக்கிற வித்தை இருக்கிறது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா கோயிலுக்குப் போய்விடுவாள், ஒரு மணி நேரம் வரமாட்டாள், உனக்கு அப்போது காலைதானே, அந்த நேரத்தில் கூப்பிடு. அந்த மாட்டுக் காரணி கிட்டை எமிசிசுமாப் நோயாளிக்குப் போடும்போது சாம்பிளை எவ்வளவு டைல்யூட் செய்யவேண்டும் என்று உன் பக்கத்து லேபில் கேட்டு வை, நம்ம பையன் கேட்டிருக்கிறான்.

அப்பா